வெர்னா சொன்ன விலை

செய்தி வந்தபோது காலை ஏழேகால். நோலன் பர்கெட் கடையின் ஷட்டரை ஏற்றிவிட்டுக் காபி மெஷினில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஃபோனில் வெர்னாவின் தம்பி கார்லண்ட் காஃபெல்ட். அக்கா போய்விட்டார் என்றார். விடிந்ததும் நாய்களுக்குத் தீனி வைக்கப் போன வெர்னா பின்வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அப்பாலிருந்து கை காட்டியிருக்கிறார், பதிலுக்குக் கை எழவில்லை. மாரடைப்பு என்று ஆம்புலன்ஸில் வந்தவர்கள் சொன்னார்களாம். வெர்னாவுக்கு வயது அறுபத்தெட்டு.

நோலன் ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினார். கடைக்குள் அந்தக் கார் நின்றது. எழுபதாம் வருடத்துக் கார்வெட். கரும்பச்சை நிறம், இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு. பானெட் திறந்தே இருந்தது. நேற்று மாலை வெர்னா திறந்து வைத்தது. உள்ளே, காற்று வடிகட்டியின் மூடிமேல், சிவப்புக் கோடு போட்ட ஒரு துண்டு ரப்பர் குழாய் கிடந்தது.

அந்த ரகக் கார்களில் ஹெட்லைட்டுகள் மூக்குக்குள் படுத்திருக்கும். சுவிட்சை இழுத்தால் என்ஜின் உறிஞ்சும் காற்றின் பலத்தில் எழுந்து நிற்கும். இதில் இடது விளக்கு சட்டென்று எழுந்துவிடும். வலது விளக்கு மட்டும், யாரோ தட்டி எழுப்பிய ஆள் மாதிரி, அரைக்கண் திறந்து நின்றுவிடும். எங்கோ குழாயில் கசிவு. வெர்னா அளவெடுத்துப் புதுக் குழாயை வெட்டிவிட்டு வாசலில் வெளிச்சம் இறங்குவதைப் பார்த்தார். "நாளைக்கு வந்து மாட்டிடறேன், நாய்ங்க காத்துக்கிட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னார். அதைக் கேட்டவர் நோலன் ஒருவர்தான்.

பௌலிங் கிரீனில் கார்வெட்டைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் யாராவது கார்வெட் தயாரிக்கும் ஆலையில் வேலை பார்த்திருப்பார்கள். வெர்னா பார்க்கவில்லை. அவருடைய அப்பா ஆர்வில் ரயில் பாதையோரம் ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். வெர்னா கல்லூரிக்குப் போய் இரண்டு வருடம் கணக்குப் படித்தார், பிறகு போதும் என்று பட்டறைக்கே திரும்பிவிட்டார். கல்யாணமும் ஒன்று நடந்தது. கணவர் டெக்சஸுக்குப் போனார், வெர்னா போகவில்லை. யாராவது துருவினால், "எங்களுக்குள்ள சண்டையே கெடையாது. அவனுக்கு டெக்சஸ் பிடிச்சுது, எனக்கு லேத் பிடிச்சுது" என்பார். அதற்கு மேல் அந்தப் பேச்சு நகராது.

அப்பா காலமாகிப் பட்டறை மூடிய பிறகு தானாக வந்து சேர்ந்தது இந்த வேலை. ஒரேகானிலோ ஒண்டாரியோவிலோ இருக்கிற ஒருவர், கென்டக்கியில் விலைக்கு நிற்கும் பழைய கார்வெட் ஒன்றைப் படத்தில் பார்த்து மயங்கிவிடுவார். படத்தில் எல்லாக் காரும் மணக்கோலத்தில்தான் இருக்கும். அவருக்குப் பதிலாக வெர்னா போய்ப் பார்த்துச் சொல்வார்.

போன இடத்தில் முதலில் பேசமாட்டார். பானெட்டைத் திறந்து என்ஜின்மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால், "ஆறின பிறகு கூப்பிடுங்க" என்று வந்த வழியே திரும்பிவிடுவார். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்த என்ஜின் தன் புகையையும் தட்டலையும் மறைத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. கை குளிர்ந்தால்தான் வேலை தொடங்கும். கார்வெட்டின் உடம்பு ஃபைபர். இடி வாங்கினால் நசுங்காது, உடையும். உடைந்ததை ஒட்டிப் பெயின்ட் அடித்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் சக்கரத்துக்கு மேலே, மட்கார்டுக்கு உட்புறமாகக் கையை விட்டு, பாகங்கள் சேரும் இடத்தில் ஆலை வைத்த ஒட்டுப்பட்டை இருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு தடவுவார். தரைவிரிப்பைத் தூக்கி மோந்து பார்ப்பார். மழை உள்ளே வந்த வண்டி அங்கேதான் உண்மையைச் சொல்லும்.

பிறகு ஓட்டுவார். இரண்டாவது கியரில் ஊர்ந்துபோய், ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதிப்பார். முதுகு இருக்கையில் ஒட்டிக்கொள்ளும். சட்டென்று காலை எடுத்துவிட்டுப் பின்கண்ணாடியைப் பார்ப்பார். நீலப் புகை வந்தால் என்ஜின் எண்ணெய் குடிக்கிறது என்று அர்த்தம். கடைசியாக, ஆளில்லாத நேர் ரோட்டில் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு பிரேக்கை அழுத்துவார், வண்டி எந்தப் பக்கமாவது இழுக்கிறதா என்று பார்க்க. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர் அந்த நேரத்தில் தனக்குத் தெரிந்த ஜெபம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

இவ்வளவுக்கும் பிறகு தீர்ப்பு ஒரே சொல்தான். காட்டறதுக்கு, ஓட்டறதுக்கு, வேணாம். இந்த மூன்றில் ஒன்று. ஆலையில் பூட்டிய அதே என்ஜின், வண்டியின் எண்ணும் என்ஜினில் அடித்த எண்ணும் ஒன்று என்றால் அது காட்டறதுக்கு. அதன் விலை வேறு உலகம். நன்றாக ஓடும், ஆனால் பிறந்த மேனியில் இல்லை என்றால் ஓட்டறதுக்கு. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள விலை வித்தியாசத்தில் ஒரு நல்ல பிக்கப் டிரக் வாங்கலாம்.

நோலன் பழைய கார்வெட்டுகளை விற்பவர். வெர்னா முதன்முதலில் அவர் கடைக்கு வந்த அன்று என்ஜின்மேல் கையை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். நோலன் பாவம், அந்த வண்டியை அன்று காலை வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்திருந்தார், அவ்வளவுதான். வெளியே ஓடிப்போய் விளக்கம் சொன்னதற்கு, "நான் உங்களைப் பொய்யர்னு சொல்லலையே. சூடா இருக்குன்னுதானே சொல்றேன்" என்று வெர்னா சிரித்தார். அன்றிலிருந்து முப்பது வருடம். நோலன் அவரை ஜட்ஜம்மா என்பார். வெர்னா இவரைப் பாலிஷ்காரர் என்பார். வெர்னா பார்த்துச் சொன்னார் என்றால் நோலனின் வண்டி மறுபேச்சில்லாமல் போகும். வேணாம் என்றால் மாதக்கணக்கில் நிற்கும். நோலன் திட்டிக்கொண்டே அடுத்த வண்டிக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்.

இந்தப் பச்சைக் காரை நோலன் டென்னசியில் வாங்கினார். அந்த வருடத்தின் கைமுதலில் பெரும்பகுதியை அதில் போட்டிருந்தார், காரணம் அந்த எண். வண்டியில் இருந்ததும் என்ஜினில் இருந்ததும் ஒன்று. மினசோட்டாவில் எவரெட் லிண்டால் என்று ஒருவர் வாங்கக் காத்திருந்தார். ஒரே நிபந்தனை, வெர்னா பார்த்துச் சொல்ல வேண்டும். முன்பு இரண்டு முறை லிண்டால் ஆசைப்பட்ட வண்டிகளை வெர்னா வேணாம் என்று சொல்லியிருந்தார். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

நேற்று வெர்னா கூரைப் பலகைகளைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனார். நோலன் எதிர்பார்த்ததைவிட வெகுநேரம் கழித்து, தலைமுடி எல்லாம் கலைந்து, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார். நோலன் மனசுக்குள் விலையை ஒரு படி ஏற்றிக்கொண்டார். அப்புறம் வெர்னா, கைவிளக்கையும் குச்சியில் மாட்டிய சின்னக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு என்ஜினின் பின்பக்கம் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

நிமிர்ந்ததும், "நோலன், இந்த நம்பர் பொய்" என்றார்.

"என்ன பொய்? ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு. கண்ணாடி போட்டுப் பாரு, ஜட்ஜம்மா."

"ஒண்ணாத்தான் இருக்கு. ஆனா இந்த பிளாக்குல நம்பரே இருக்கக் கூடாது. அதை நானே சீவி எடுத்துட்டேன்."

எண்பத்து மூன்றில் நடந்தது. ராணுவ முகாமிலிருந்து ஒரு சிப்பாய் இந்த என்ஜினை அப்பாவின் பட்டறைக்குக் கொண்டு வந்தான். சூடேறிச் சூடேறி, என்ஜினின் அடிக்கட்டையான பிளாக்கின் மேல்முகம் கோணியிருந்தது, அதன்மேல் மூடி போல் உட்காரும் ஹெட் சரியாக உட்காரவில்லை. வெர்னா அந்த முகத்தைச் சீவிச் சமமாக்கினார். எண் அடித்திருப்பது அதே முகத்தின் ஓரத்தில்தான். முகத்தைச் சீவினால் எண்ணும் சுருள் சுருளாகக் கீழே விழுந்துவிடும். அன்றைக்கு அது வெறும் பழைய கார். எண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை, சிப்பாய்க்கு வண்டி ஓட வேண்டும், அவ்வளவுதான். தனக்குத் திருப்தியாக வந்த வேலைகளில் வெர்னா யார் கண்ணிலும் படாத இடத்தில் பஞ்ச் உளியால் தட்டி மூன்று புள்ளி வைப்பது வழக்கம். அதைத்தான் இப்போது கண்ணாடியில் பார்த்திருந்தார். இடையில் யாரோ ஒருவர் அதே எண்ணை மறுபடி அடித்து வைத்திருக்கிறார். ஆலை எந்திரம் விட்டுப்போகும் அரைப்பு வரிகளைக்கூட விடாமல் போலியாகக் கீறியிருக்கிறார்.

"நல்ல கை. நேர்மையா பொழச்சிருந்தா பெரிய ஆளா வந்திருப்பான்" என்றார் வெர்னா.

"அப்போ வேணாமா?"

"யாரு சொன்னா? இது மாதிரி ஓடற வண்டிய நான் தொட்டு வருஷக்கணக்காச்சு. அந்த முகத்தைச் சீவினதாலதான் இப்பவும் இப்படி ஓடுது. ஓட்டறதுக்கு. அந்த வெலையச் சொல்லு. அந்த வெலைக்கு இது தங்கம்."

நோலன் அங்கும் இங்கும் நடந்தார். வண்டியைச் சுற்றி ஒரு முறை வந்தார். பிறகு, மனதில் இருந்ததை மறைக்கத் தெரியாமல் கேட்டுவிட்டார். "வெர்னா, நீ அந்தப் பக்கம் குனியலைன்னு வச்சுக்கோ. இத ஒலகத்துல வேற யாராவது கண்டுபிடிக்க முடியுமா?"

"முடியாது. அதனாலதான் நான் சொல்றேன்."

"உன்னால எனக்கு ஒரு பிக்கப் போச்சு."

"நடக்கணும்னு டாக்டர் சொன்னாருன்னு நீதானே சொன்னே, பாலிஷ்காரரே. நட." சிரித்துக்கொண்டே குழாயை அளவெடுக்கக் குனிந்தார்.

கார்லண்டின் ஃபோனுக்குப் பிறகு, காபி ஆறிக்கொண்டிருக்கும்போதே, லிண்டால் கூப்பிட்டார். நோலன் விஷயத்தைச் சொன்னார். மினசோட்டாக்காரர்களுக்கு வருத்தத்தைச் சொல்லத் தெரியாது, தொண்டையைச் செருமுவார்கள். லிண்டால் இரண்டு முறை செருமினார். பிறகு தயங்கித் தயங்கி, வண்டியை அவர் பார்த்துவிட்டாரா என்று கேட்டார்.

"நேத்துப் பார்த்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

நோலன் திறந்த பானெட்டுக்குள் பார்த்தார். எண் பளிச்சென்று தெரிந்தது. காட்டறதுக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுத்துப் பேச ஆள் இல்லை. "நேர்ல வாங்க சார், சொல்றேன்" என்றார். லிண்டால் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை டிரெயிலரோடு வருவதாகச் சொன்னார்.

ஃபோனை வைத்ததும் நோலன் கைவிளக்கையும் கண்ணாடியையும் எடுத்தார். புள்ளிகள் இல்லாமல் இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. வெர்னா தவறாகப் பார்த்திருக்கலாம், வயதாகிவிட்டதல்லவா. குனிந்து பார்த்தார். முதலில் வெறும் பிசுக்கு. நெஞ்சு இலேசாகியது. துணியால் துடைத்தார். மூன்று புள்ளி, சிறு முக்கோணமாக, நேற்று வைத்தது போல. ஆயிரம் என்ஜின்களில் வெர்னாவின் கை பட்டிருக்கிறது. அதில் ஒன்று தன் கடைக்கே வந்து நின்றிருக்கிறது. சுவரில் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. மெல்லத் தொட்டால் போதும், அந்தப் புள்ளிகளும் சுருளாக விழுந்துவிடும். நோலன் கிரைண்டரைப் பார்த்தார். எடுக்கவில்லை. ஆனால் எடுக்கமாட்டேன் என்றும் அன்று சொல்லிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை மாலை வெர்னாவின் நினைவாகச் சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூடினார்கள். தேன் தடவிய பன்றித் தொடை, மசாலா முட்டை, பீன்ஸ் காசரோல். வரிசையில் நின்ற எல்லாரிடமும் ஒரு கார் கதை இருந்தது. தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்த ஒருவர், வெர்னா வேணாம் என்று சொல்லியும் கேட்காமல் வாங்கிய சிவப்பு வண்டி இன்றுவரை தன் கொட்டகையில் கோழிகளுக்குக் கூரையாக இருப்பதைச் சொன்னார். ஒரு பெண்மணி, ஓட்டறதுக்கு என்று வெர்னா சொன்ன வண்டியில்தான் இங்கே வந்து இறங்கியதாகச் சொன்னார். யாரும் அழவில்லை. வெர்னா இருந்திருந்தால் தட்டு காலியாகும்வரை கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

கார்லண்ட் நோலனை ஓரமாக அழைத்துப் போனார். "அன்னிக்கு உங்க கடையிலேருந்து வந்து அக்கா ரொம்ப சந்தோஷமா இருந்தாங்க, நோலன். பழைய சிநேகிதியப் பார்த்தேன், இன்னும் நல்லா இருக்கான்னு சொன்னாங்க. யாருன்னு கேட்டா சொல்லலை. சிரிச்சாங்க. யாரு அது? சொல்லி அனுப்பணுமில்ல."

நோலனுக்குக் கையில் இருந்த தட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "அது ஒரு கார், கார்லண்ட்" என்றார். "சனிக்கிழமை அதுக்கு ஆள் வராரு. நானே சொல்லிடறேன்."

சனிக்கிழமை லிண்டால் வந்து இறங்கினார். நெடிய ஆள், தோள்வார் வைத்த கால்சட்டை, பெரிய கைகள். வணக்கம் சொல்வதற்கு முன்பே பானெட்டுக்குள் கையை நீட்டி என்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"ஆறியிருக்கு" என்றார் நோலன். "அவங்க சொல்லிக் கொடுத்ததா?"

"ஃபோன்ல."

நோலன் அதற்கு மேல் சுற்றி வளைக்கவில்லை. எண்ணைக் காட்டினார், அது பொய் என்றார். எண்பத்து மூன்றில் நடந்ததைச் சொன்னார். கைவிளக்கையும் கண்ணாடியையும் கொடுத்துக் குனியச் சொன்னார். லிண்டாலின் நீண்ட முதுகு வெகுநேரம் வளைந்தே இருந்தது. நிமிர்ந்து, கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது."

"யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

"ஆமா சார். ஆனா நீங்க என்கிட்ட கேட்டது அவங்க என்ன சொன்னாங்கன்னு. அவங்க சொன்னது இதுதான். ஓட்டறதுக்கு. அந்த வெலைக்குத் தங்கம்னாங்க."

லிண்டால் செருமினார். "அப்போ ஓட்டிப் பார்ப்போம்."

ஊருக்கு வெளியே சோளக்கொல்லைகளுக்கு நடுவே ரோடு நேராகப் போகும். லிண்டால் இரண்டாவது கியரில் ஊர்ந்தார், பிறகு மிதித்தார். நோலனின் முதுகு இருக்கையோடு ஒட்டியது. விற்கிற அவசரத்தில் அவர் இந்த வண்டியை ஒருமுறைகூட இப்படி ஓட்டிப் பார்த்திருக்கவில்லை. அந்தச் சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை. கீழிருந்து மேல்வரை ஒரே மூச்சாக ஏறியது. லிண்டால் காலை எடுத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் ரோடும் வானமும் மட்டும் இருந்தன. அப்புறம், சொல்லாமல் கொள்ளாமல், ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு பிரேக்கை அழுத்தினார். நோலன் ஜெபம் சொன்னார். வண்டி கோடு போட்டது போல நேராக நின்றது.

"இதையும் ஃபோன்லயா சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டார் நோலன்.

"இதை யாரும் பக்கத்துல இருக்கும்போது செய்யாதீங்கன்னுதான் சொல்லிக் கொடுத்தாங்க."

கடைக்குத் திரும்பி, நோலன் விலையைச் சொன்னார். வெர்னாவின் விலை. லிண்டால் பேரம் பேசவில்லை. இரண்டு தடவை வேணாம் என்று சொன்னவர் மூன்றாவது தடவை சரி என்றிருக்கிறார், அதற்கு மேல் தான் என்ன பேசுவது என்றார். ஒன்று மட்டும் கேட்டார். விற்பனைப் பத்திரத்தில் என்ஜினைப் பற்றி எழுதும் இடத்தில், எண் போலி என்று எழுதுங்கள், அதோடு மேல்முகத்தைச் சீவியது வெர்னா காஃபெல்ட் என்றும் எழுதுங்கள் என்றார். குறையாக எழுத வேண்டாம், விவரமாக எழுதினால் போதும். நோலன் எழுதினார். பிக்கப் போனது போனதுதான்.

காரை டிரெயிலரில் ஏற்றியதும் லிண்டால் விளக்குச் சுவிட்சை இழுத்துப் பார்த்தார். இடது விளக்கு எழுந்தது. வலது விளக்கு அரைக்கண் திறந்து நின்றது. இது என்ன என்று கேட்டார். குழாயில் கசிவு, புதுக் குழாய் வெட்டித் தயாராக இருக்கிறது, மாட்டுவது ஒரு நிமிட வேலை என்று நோலன் சொன்னார். எடுத்து வர உள்ளே போனார். குழாய், ஓட்டிப் பார்க்கப் போகும் முன் அவர் எடுத்து வைத்த இடத்தில், மேசைமேல் இருந்தது. இரண்டு முனையும் சீராக, ஒரே வெட்டில் வெட்டியிருந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வண்டியைக் கட்டும் பட்டைகளை இழுத்து இறுக்குவதில் லிண்டாலுக்குக் கை கொடுத்தார். கைகுலுக்கினார்கள். குழாயை லிண்டால் கேட்கவில்லை, நோலனும் பையிலிருந்து எடுக்கவில்லை. டிரெயிலர் லூயிவில் ரோட்டில் வடக்கே திரும்பியது.

சிவப்புக் கோடு போட்ட அந்தத் துண்டுக் குழாய் நோலனின் மேசையில் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மினசோட்டாவில் பச்சைக் காரின் வலது விளக்கு இன்னும் பாதிதான் எழுகிறது.